காற்றில்லாத மைதானம்

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் கல்லூரி மைதானத்தில் காற்றைத் தவிர வேறு பேச்சே இருக்காது. மேற்கு மலைகளின் இடைவெளியில் எங்கள் பள்ளத்தாக்குக்குள் புகுந்து, நெல்வயல்களைப் படுக்கப் போட்டுவிட்டு, நேராக எங்களிடம்தான் வரும். கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கும் எனக்கு சாயங்காலம் முழுக்கக் கண்ணில் மண். அந்தக் காற்றை நான் திட்டாத நாள் இல்லை. ஆனால் அறுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், எங்கள் அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் இறுதி ஆட்டம் வரை போனது அதன் தயவில்தான்.

மைதானம் தெற்கு வடக்காகக் கிடந்தது. காற்று குறுக்கே அடிக்கும். நேராக உதைத்த பந்து கிழக்கே வாய்க்காலில் போய் விழும். அதனால் பள்ளத்தாக்குப் பையன்கள் நாங்கள் யாரும் நேராக உதைப்பதில்லை. கோல் வேண்டுமென்றால் மேற்குக் கம்பத்துக்கு வெளியே தள்ளி உதைக்க வேண்டும், மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். உதைக்கும் முன் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரல் இடுக்கில் விட்டுப் பார்ப்போம். மண் பறக்கிற தூரத்தை வைத்துக் கால் தானாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். அந்த வருஷம் இறுதி ஆட்டத்துக்கு முந்தைய எல்லா ஆட்டங்களும் பள்ளத்தாக்கிலேயே நடந்தன. வெளியூர் அணிகள் விழி பிதுங்கிப் போயின. நாங்களோ ஏதோ பெரிய ஆட்டக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு காலரைத் தூக்கிவிட்டுத் திரிந்தோம்.

எங்கள் கேப்டன் ராயப்பன்பட்டிக்காரன். பாதி மைதானத்திலிருந்து பந்தை மேற்கே வானத்தில் ஏற்றி, கோலுக்குள் இறக்குவான். நான் தேனி பஜாரில் பலசரக்குக் கடைக்காரர் மகன், எனக்குக் கால்பந்து பொழுதுபோக்கு. அவனுக்கு அப்படி இல்லை. அவன் அப்பா எல்லை தாண்டி மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். மழையில் நின்று நின்று மூச்சிழுப்பு வந்து ஊரோடு படுத்துவிட்டார். அந்த வேலைக்கு மகனை அனுப்பச் சொல்லித் தோட்டத்து முதலாளி ஆள் விட்டிருந்தார். இதற்கிடையே விளையாட்டு ஆசிரியர் ஒரு சேதி கொண்டுவந்தார். மதுரையில் நடக்கும் இறுதி ஆட்டத்துக்கு ஒரு மில்லிலிருந்து அதிகாரி வருகிறார், தங்கள் அணிக்கு எங்களில் ஒருவனை எடுப்பார், மில்லில் வேலையும் உண்டு.

"எடுத்தாகன்னா மில்லு. இல்லேன்னா திங்கக்கெழம ஜீப்புல மல ஏற வேண்டியதுதான்," என்றான் கேப்டன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அந்த வாரம் முழுக்க விடுதியில் அவன் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

மதுரை மைதானத்தில் இறங்கியதும் கண்ணில் மண் விழவில்லை என்று நான் சந்தோஷப்பட்டேன். முட்டாள்தனம். சுற்றி நின்ற வேப்பமரங்களில் ஒரு இலை ஆடவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியது. பந்தலுக்கு அடியில் மில் அதிகாரி மூடிய குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விசில் ஊதியதிலிருந்தே வினைதான். எங்கள் ஆட்கள் கொடுத்த பந்தெல்லாம் மேற்கே போய் ஆளில்லாத இடத்தில் விழுந்தது. வாங்க வேண்டியவன் காற்று கொண்டுவந்து போடும் இடத்தில் காத்துக்கொண்டிருந்தான். கூட்டம் சிரித்தது. விழுந்த பந்தை மதுரைப் பையன்கள் எடுத்துக்கொண்டு என்னை நோக்கி வந்தார்கள், திரும்பத் திரும்ப வந்தார்கள். நான் விழுந்தேன், புரண்டேன், முழங்கை தோல் உரிந்தது. எத்தனை பந்தைத் தடுத்தேன் என்று எனக்கே தெரியாது. இடைவேளைக்குச் சற்று முன் ஒன்று என் விரலை ஒடிப்பதுபோல உரசி உள்ளே போய்விட்டது.

இடைவேளையில் எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏலே, இங்கன காத்தே இல்லடா. கண்ணு தெரியலையா? நேரா அடிங்கடா."

கேப்டன் எலுமிச்சைத் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தான். "எனக்குத் தெரியுதுடா. காலுக்குத் தெரியலையே," என்றான்.

இரண்டாம் பாதியில் கொஞ்சம் தேறினார்கள். கிட்டே கிட்டே கொடுத்து ஆடினார்கள். ஆனாலும் கோல் விழவில்லை. நடுவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியபோது மதுரைப் பையன் ஒருவன் கேப்டனை இடித்துத் தள்ள, எங்களுக்கு ஒரு ப்ரீ கிக் கிடைத்தது. கோலுக்கு நல்ல தூரம். ஊரில் அவன் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற தூரம்.

 என் இடத்தை விட்டு மைதானத்தின் பாதி வரை வந்து நின்றேன். அவன் குனிந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து விட்டான். மண் அவன் கால் விரலிலேயே விழுந்தது. அதை அவன் பார்த்தான். இன்னொரு தரம் எடுத்து விட்டான். அதுவும் அங்கேயே விழுந்தது. நிமிர்ந்து, மேற்கே இறங்கிக்கொண்டிருந்த சூரியனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடிவந்து உதைத்தான்.

எவ்வளவு அழகான உதை என்று இப்போதும் சொல்வேன். எழும்பிய உயரம், போன வேகம், எல்லாம் சரி. மேற்குக் கம்பத்துக்கு வெளியே இரண்டு ஆள் தள்ளிப் போனது. அவன் அங்கேதான் அடித்திருந்தான். பந்தைத் திருப்பிக் கொண்டுவர அங்கே எதுவும் இல்லை.

தோற்றுப்போய் நாங்கள் மண்ணில் உட்கார்ந்திருந்தபோது மில் அதிகாரி குடையோடு வந்தார். கேப்டன் எழுந்து சட்டையை உதறிக்கொண்டான். அவர் அவனைத் தாண்டி என்னிடம் வந்தார்.

"நல்லாப் பிடிக்கிறீங்க தம்பி. திங்கட்கிழமை மில்லுக்கு வந்து பாருங்க."

 இத்தனை பந்து என் மேல் வந்ததே எங்கள் ஆட்களுக்குக் குறி தப்பியதால்தான், அதை எப்படிச் சொல்வது? "சார், எனக்குக் கடை இருக்கு சார். நீங்க எங்க கேப்டனை எடுத்துக்குங்க. எங்க மைதானத்துல அவன் அடிக்கிறதை ஒருதரம் வந்து பாருங்க, அப்பத் தெரியும்."

அவர் கோபப்படவில்லை. அவனையும் ஒருமுறை பார்த்தார். "எங்க மைதானம் மதுரையில இருக்கு தம்பி," என்றார்.

தேனி பஸ்ஸில் கேப்டன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.  உசிலம்பட்டி தாண்டியதும் அவன்தான் பேச்சை ஆரம்பித்தான்.

"மில்லுல சேந்தா பூட்ஸ் குடுப்பாகளாம்ல. வருசத்துக்கு ரெண்டு ஜோடி."

"நான் சேரப்போறதில்லடா."

"கிறுக்குப் பயலே. சேரு. ஒரு ஜோடிய எனக்கு அனுப்பிவிடு. மலையில அட்டைக்கடிக்கு ஆகும்."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். என்னால் முடியவில்லை. முன் சீட்டுக் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு தேனி வரும்வரை அழுதேன். அவன் என் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தான்.