தேர்வு நாளில் கடற்பாசி சூப்

கொரியாவின் குன்சான் மீன் சந்தையில் கி-ஹ்வானை எல்லோரும் "ஜட்ஜய்யா" என்றே கூப்பிடுவார்கள். பள்ளியில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தபோது அன்பாக வைத்த பெயர். சியோலுக்குப் போய்ச் சட்டத் தேர்வில் தோற்றான். அடுத்து அதிகாரி தேர்வில் தோற்றான். இப்போது ஊருக்கே திரும்பி வந்து, நகராட்சி குமாஸ்தா தேர்வில் வருடாவருடம் தோற்கிறான். பதவி இறங்கிக்கொண்டே வந்தாலும் பட்டப்பெயரை யாரும் இறக்கவில்லை.

"ஜட்ஜய்யா, இந்த நண்டு என்னைக் கிள்ளிடுச்சு. என்ன தண்டனை குடுக்கலாம்?" என்பாள் பக்கத்துக் கடை சுன்-நாம்.

"அவன் படிக்கப் போறான், விடுடி. உன் நண்டை நான் விசாரிச்சுக்கறேன்," என்று பாய்வாள் அங்கே மீன் விற்கும் அவன் அம்மா ஓக்-புன்.

அவன் பிறந்தநாள் தேர்வு வாரத்தில்தான் வரும். பிறந்தநாளென்றால் கடற்பாசி சூப் குடித்தாக வேண்டும். தேர்வென்றால் அதைத் தொடவே கூடாது. வழுக்குகிற பண்டம், ஆளையும் தேர்வில் வழுக்கி விழவைத்துவிடும். அதனால் இத்தனை வருடமும் ஓக்-புன் மகனுக்கு அதை வைத்ததில்லை.

இந்த வருடம் பிறந்தநாளும் தேர்வும் ஒரே நாளில் வந்தன. காலையில் மேசைமேல் கடற்பாசி சூப் ஆவி பறக்க இருந்தது.

"அம்மா, இன்னிக்குப் பரீட்சை."

"தெரியும்பா. பொறந்தநாளும் இன்னிக்குத்தானே? ஆறிடும், குடி."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எழுந்து தேர்வுக்குக் கிளம்பியிருப்பான். கரண்டியை எடுத்தான்.

"நல்லாருக்கும்மா."

அவள் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். தேர்வு மையத்துக்குப் போகும் பேருந்து தெருமுனையில் வந்து நின்று, கிளம்பிப் போனது. சத்தம் இருவருக்கும் கேட்டது. யாரும் அசையவில்லை.