காலி லாரி திரும்பும் வழி

நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன். தார்ச்சட்டி தூக்கித் தூக்கியே திண்டிவனம்–மரக்காணம் ரோட்டில் கேங் மேஸ்திரி ஆனேன். எந்த மதகு எந்த மழைக்குப் பொங்கும் என்று மேப் பார்க்காமல் சொல்வேன். பெரிய என்ஜினீயர்களே ஜீப்பை நிறுத்தி என்னைக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அப்படிப்பட்ட நான் செய்த தப்பு இது.

1. ஓவர்சியர் கேட்டது

ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி. புயல் வருகிறதென்று தாலுகா ஆபீசுக்குத் தந்தி. உப்பளத்தை ஒட்டிய ஒரு கிராமத்தைப் பொழுது சாய்வதற்குள் காலி செய்து திண்டிவனம் ஸ்கூலில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வழி போடும் வேலை என் தலையில்.

கிராமத்திலிருந்து தார் ரோட்டுக்கு ஏரிக்கரை மேல் ஒரு மைல். நடக்க முடியாதவர்களுக்கு லாரி, மற்றவர்களுக்கு அவரவர் மாட்டுவண்டி. எல்லாமே கரை மேல்தான். ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டேன்.

புதிதாக வந்த ஓவர்சியர் கேட்டார்: "மேஸ்திரி, ஒரு ட்ரிப் எறக்கிட்டு லாரி காலியா திரும்புமே, அது எந்த வழியா வரும்?"

"காலி வண்டிக்கு வழிக்கா பஞ்சம் சார்? அத நான் பாத்துக்கறேன். நீங்க நனையாம ஆபீஸ்ல இருங்க."

கேங் ஆட்கள் சிரித்தார்கள். அவர் மேப்பை மடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

2. கரை மேல்

மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. முதல் ட்ரிப்பை இறக்கிவிட்டுக் காலி லாரியில் திரும்பினோம். டிரைவர் காதர் பாய் பக்கத்தில் நான். கரையில் பாதி தூரம் போயிருப்போம். எதிரே ஒன்பது மாட்டுவண்டி, ஒன்றன்பின் ஒன்றாக.

கரையில் ஒரு வண்டிக்குத்தான் இடம். ஒரு பக்கம் தளும்பும் ஏரி, மறுபக்கம் இரண்டாள் ஆழத்துக்குப் பள்ளம். மாடு பின்னால் நடக்காது. அந்த நேரம் கடைசி வண்டியிலிருந்து கூச்சல்: "பின்னால கலங்கல்ல ஏரித் தண்ணி கரை மேல ஏறிக்கினு வருது! போங்கய்யா!"

முதல் வண்டியில் இருந்த பெண்பிள்ளை என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "வழி போட்ட மவராசனே எதுர்ல வந்து நிக்கிறான் பாரு!"

பாய் என் பக்கம் திரும்பினார். "ரிவர்ஸ்ல போனாத்தான் உண்டு மேஸ்திரி. மழையில பின்னால ஒண்ணும் தெரியல, காத்துல உங்க கொரலும் கேக்காது. சக்கரம் எறங்கிச்சுன்னா நானும் போயிடுவேன், இவுங்க வழியும் அடைஞ்சிடும். இன்னா சொல்றீங்க?"

ஜல்லி உடைக்கும் சுத்தியலை எடுத்துக்கொண்டு குதித்தேன். "பின்பலகையில தட்றேன் பாய். ஒண்ணுன்னா நேரா வாங்க. ரெண்டுன்னா நில்லுங்க, ஓடியாந்து சொல்றேன்."

"ஒங்க சுத்திதான் எனக்குக் கண்ணு. ஜல்தி!"

அரை மைல். ஒரு தட்டு, நாலு அடி. சக்கரத்துக்குக் கீழே மண் பிட்டுப் பிட்டாக ஏரியில் விழுந்தது. ஓரிடத்தில் விளிம்புக்கு ஒரு சாண்கூட இல்லை. இரண்டு தட்டினேன். அதில் ஒன்று கேட்காமல் போயிருந்தால் லாரி தண்ணீருக்குள். முன்னால் முதல் வண்டி மாட்டின் மூக்கு பானட்டை இடித்துக்கொண்டு வந்தது. பிள்ளைகள் அழுத சத்தம் காற்றையும் மீறிக் கேட்டது.

தார் ரோட்டில் ஏறினோம். ஒன்பது வண்டியும் வெளியே வந்தன. நான் பர்லாங்கு கல்லில் உட்கார்ந்தேன்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். லாரியும் வண்டியும் முட்டிக்கொண்டு நின்ற இடத்தில் கரையே இல்லை.

3. பென்சில்

பனந்தோப்பைச் சுற்றி இன்னொரு பாதை இருந்தது. ரெண்டு மைல் கூடுதல், ஆனால் லாரி போகும். மிச்சம் இருந்தவர்களைப் பொழுது சாய அந்த வழியாகத்தான் ஏற்றி வந்தோம். அது எனக்குத் தெரியாததா? கேட்டவரைச் சிரித்து அடக்கியதில் அதை நினைக்கவே இல்லை.

அன்று ராத்திரி ஸ்கூலில் ஓவர்சியர் எல்லாருக்கும் கேப்பைக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் நின்றேன். "சார், இனிமே காலி லாரி பனந்தோப்பு வழியா திரும்பணும். மேப்ல போட்டுக்குங்க."

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. மேப்பை விரித்து, பென்சிலை என்னிடமே கொடுத்தார். "உங்களுக்குத்தானே தெரியும், நீங்களே போடுங்க."

பிறகு விழுப்புரம் வரைக்கும் எத்தனையோ ஊருக்கு வழி போட்டேன். காலி வண்டி திரும்பும் வழியைத்தான் முதலில் போடுவேன். என்னைவிட வழி தெரிந்தவன் இந்தப் பக்கம் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் ஒருவர் கேள்வி கேட்டால் சிரிப்பதில்லை. அன்று ராத்திரி மேப்பில் நான் போட்ட கோடு நேராக வரவில்லை. சுத்தியல் பிடித்த நடுக்கம் கையில் அப்படியே இருந்தது.