கோள் கேட்காத அண்ணன்

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. நினைவு நாள் நன்றி மடலைத் தம்பி எழுதினால்தான் முறை என்று அண்ணி சொன்னார். நான் ஆறாவதோடு நின்றவன். பேசுவதே குறைவு. தெரிந்ததை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுக்கவும்.

அண்ணன் பிறந்தது நெல்லிக்குப்பம். அப்பா கரும்பு லோடு ஏற்றியவர். பிறகு நெய்வேலிக்கு வந்து சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தார். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. பர்மனென்ட் ஆகிவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆகுமுன் காய்ச்சலில் போய்விட்டார். அண்ணன் அப்போது ஒன்பதாவது. புத்தகப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடைக்கு வேலைக்குப் போனார். அந்தப் பை எனக்கும் ரொம்ப நாள் உதவவில்லை.

அந்தக் கடை முதலாளி, யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னாலும் கேட்பார். ஒருவன் அண்ணனைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டான். முதலாளி அண்ணனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். என்ன சொன்னான் என்று அண்ணனுக்குக் கடைசி வரை தெரியாது.

அதன்பின் தகர ஷெட் போட்டு அண்ணன் சொந்தமாகப் பட்டறை வைத்தார். அண்ணனும் நானும்தான். கருகிப்போன கிணற்று மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியை உருவி எடுத்து நான் கொடுப்பேன். அண்ணன் புதுக் காயில் கட்டுவார். விவசாயிகள் அண்ணன் கையை நம்பினார்கள். ஆட்கள் சேர்ந்தார்கள். வேதாகமத்தில் உள்ளபடிதான் பட்டறை நடக்கும் என்று அண்ணன் முதலிலேயே சொல்லிவிட்டார். ஞாயிறு ஷெட் திறக்காது. போர் அடிக்கும் மாட்டுக்கு வாய்ப்பூட்டு கூடாது என்ற வசனத்தைச் சொல்லி, வேலையாட்கள் தங்கள் வீட்டு மிக்சி, ஃபேனைப் பட்டறைக் கம்பியிலேயே சரிசெய்துகொள்ள விட்டார்.

எல்லாவற்றுக்கும் மேல் மத்தேயு பதினெட்டாம் அதிகாரம். ஒருவன் தப்பு செய்தால் முதலில் அவனிடமே தனியாகப் போய்ச் சொல். கேட்காவிட்டால் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அப்புறம்தான் எல்லோர் முன்பும். இதைத்தான் அண்ணன் ரூலாக வைத்தார்.

"அண்ணே, இவன் என் ஸ்பானர எடுத்துக்கினு தர மாட்டேங்கறான்."

"அவங்கிட்ட சொன்னியா?"

"சொன்னா அடிப்பாண்ணே."

"அப்ப ரெண்டு பேர கூட்டிக்கினு போ. அடிய மூணா பிரிச்சிக்கலாம்."

எல்லோரும் சிரிப்பார்கள். ஸ்பானர் வந்துவிடும். எங்கள் பட்டறையில் சண்டை உண்டு, கோள் கிடையாது.

காடாம்புலியூரிலிருந்து ஏழுமலை வந்தது பட்டறை நன்றாக ஓடின காலத்தில். முந்திரிக்காட்டுக்காரர் பிள்ளை. அவர்கள் மோட்டார் கருகியதால் எடுத்து வந்தார். கட்டி முடியும்வரை பக்கத்திலேயே குந்திப் பார்த்தார். மறுவாரம் வேலை கேட்டு வந்தார். அண்ணன் சேர்த்துக்கொண்டார். மற்றவர்களைப் போல ஒருவர் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை அண்ணன் அவசரத்தில், காயிலுக்கு ஊற்றிய வார்னிஷ் காயுமுன் ஒரு மோட்டாரை மாட்டிக் கொடுத்துவிட்டார். அது மறுபடி கருகி வந்தது. கொண்டுவந்த பெரியவரிடம், உன் கரண்ட் லைன்தான் கோளாறு என்று அண்ணன் சத்தம் போட்டு அனுப்பிவிட்டார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். நானும் பார்த்தேன். அண்ணனுக்கு எதிரே பேசுவது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை.

திங்கட்கிழமை வேலைக்கு முன் ஜெபம் நடக்கும். அந்த வாரம் அண்ணன் வேதத்தைத் திறக்காமல் சொன்னார்: "இந்த ரூல நான்தான் போட்டேன். எங்கிட்டயே வந்து அத செஞ்சவன் ஏழுமல ஒருத்தன்தான். 'தப்பு அவரு லைன்ல இல்லண்ணே, உங்க கையில'ன்னு தனியா வந்து சொன்னான். சரிதான்." அன்றே அந்தப் பெரியவர் நிலத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, மோட்டாரை எடுத்துவந்து சரிசெய்து கொடுத்தார்.

எல்லோரும் ஏழுமலையைப் பார்த்தார்கள். நான் பழைய கம்பியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன்.

அதிலிருந்து எதற்கும் ஏழுமலைதான். வெளியூர் போனாலும் அவர், புது ஆளைச் சேர்க்க யோசனை கேட்டாலும் அவர். அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் ஆரம்பித்தபோது, பட்டறையை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தது. நான் என்றுதான் சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். அண்ணன் எல்லோரையும் நிற்கவைத்து, "இனிமே ஏழுமல பாத்துக்குவான்" என்றார். வேதத்தில் மோசே தனக்குப் பின் ஜனங்களை நடத்த தன் கூடப்பிறந்தவனையோ பெற்ற பிள்ளையையோ வைக்கவில்லை, யோசுவாவைத்தான் வைத்தார் என்றும் சொன்னார். எனக்கு அது தெரியும். அவர் கூடப்பிறந்த ஆரோன் அப்போது உயிரோடு இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய் அண்ணன் கட்டில் பக்கத்தில் நிற்பேன்.

"ஏழுமலயப் பத்தி ஒண்ணு சொல்லணும்ணே."

"அவங்கிட்ட சொன்னியா?"

திரும்பி வந்துவிடுவேன். மறுபடி போவேன். அதே கேள்வி. சொல்வதற்கு அவர் மேல் ஒரு தப்பாவது கிடைக்குமா என்று பார்த்தேன். வேலை சுத்தம். நேரத்துக்கு வருகிறார். என்னை ஒரு நாளும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. அதுவே எரிந்தது.

ஒரு நாள் மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம், வார்னிஷ் தொட்டி பக்கத்தில் அவர் தனியாக இருந்தார். போனேன்.

"அண்ணன் உன்ன மேல வெச்சது எனக்குப் புடிக்கல."

"தெரியுங்க."

"உம்மேல தப்பு ஒண்ணும் இல்ல. தேடிப் பாத்துட்டேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கு நான் என்னங்க பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். உங்கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு ரூலு. சொல்லிட்டேன்."

"சரிங்க. டீ சொல்லட்டுங்களா?"

"சொல்லு."

குடித்தோம்.

சாயங்காலம் அண்ணனிடம் போனேன். "சொல்லிட்டேண்ணே."

"என்ன சொன்னான்?"

"டீ சொன்னான்."

அண்ணன் இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு, "இனிமே எங்கிட்ட சொல்ல ஒண்ணும் இல்லல்ல?" என்றார்.

"இல்ல."

"அப்ப வந்து சும்மா உக்காரு."

உட்கார்ந்தேன். அதிலிருந்து தினமும் போய் உட்கார்ந்தேன். அப்பாவைப் பற்றிப் பேசினோம். பேசாமலும் இருந்தோம். அந்த நாட்கள் எனக்குக் கிடைத்தவை.

கடைசியில் கடலூர் ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு முகம் மழித்துவிட்டது ஏழுமலை. நான் மழித்தால் கை நடுங்கும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். நடுங்காது. ஆனால் அண்ணன் சொன்னதால் நின்று பார்த்தேன். இரண்டு நாளில் கர்த்தர் அழைத்துக்கொண்டார். பெட்டியின் தலைமாட்டில் ஒரு பக்கம் நான் பிடித்தேன். மறுபக்கம் அவர் வந்து பிடித்தார். நான் விலகச் சொல்லவில்லை. இப்போது அவர் சொல்லும் வேலையை நான் செய்கிறேன். பட்டறை நன்றாக நடக்கிறது. எரிச்சல் தீரவில்லை. இருக்கிறதை எழுதுகிறேன்.

அண்ணனுக்காக ஜெபித்த போதகருக்கும் சபையாருக்கும், டயாலிசிஸுக்கு வண்டி கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மாக்களுக்கும், அடக்கத்துக்கு வந்த விவசாயிகள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஏழுமலையின் பெயரையும் இதில் எழுதியிருந்தேன். அண்ணி படித்துப் பார்த்து, "வூட்டு ஆளுக்கு யாராச்சும் நன்றி போடுவாங்களா?" என்றார்.

அந்தப் பெயரை அடித்துவிட்டேன்.