ஓரம்வரை கூர்மை

என்னிடம் ஐந்து லென்ஸ்கள் இருக்கின்றன. வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், அவற்றைக் கொண்டு நான் அதிகம் படமெடுத்தது தமிழ்ப் பத்திரிகையின் மரண அறிவிப்புப் பக்கத்தை. அவற்றுள் ஆகச் சிறந்த படம் இப்போது என் கணினித் திரையில் திறந்திருக்கிறது. கால்புள்ளிகள்கூடத் துல்லியம். பத்திரிகையை விரித்துப் பிடித்திருக்கும் இரண்டு கட்டைவிரல்கள், இடது ஓரத்தில் ஒன்றும் வலது ஓரத்தில் ஒன்றும். அவை என் அத்தானுடையவை. அக்காவின் கணவரைப் பற்றி என்னிடம் இருக்கும் புகைப்பட ஆவணம் அவ்வளவுதான்.

லென்ஸ் வாங்குபவர்களில் இரண்டு வகை உண்டு. படமெடுக்க லென்ஸ் வாங்குபவர்கள் ஒரு வகை. வாங்கிய லென்ஸ் நல்லதுதானா என்று பார்க்கப் படமெடுப்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாம் வகை. எந்த மலிவான லென்ஸும் நடுவில் ஒழுங்காகத்தான் நடந்துகொள்ளும். அதன் குணம் ஓரத்தில்தான் தெரியும். கல்யாண வீட்டின் லட்சணம் கடைசிப் பந்தியில் தெரிவதைப் போல. கொடுக்கும் காசுக்கு ஓரம்வரை கூர்மை வேண்டும் என்பது என் கொள்கை. நான் வழக்கமாகப் போகும் பழைய லென்ஸ் கடைக்காரர், பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்பார். அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை சோதனை நாள். சோதனைக்குப் பொடி எழுத்தும் முகங்களும் ஒரே பக்கத்தில் வேண்டும். அப்படிப்பட்ட பக்கம் எதுவென்று சொல்லத் தேவையில்லை. செங்காங்கில் இருக்கும் எங்கள் வீட்டுச் சுவருக்குப் புதிதாகச் சாயம் அடித்திருந்ததால், அதில் எதையாவது ஒட்டினால் என்னையும் சேர்த்து ஒட்டிவிடுவதாக மனைவி சொல்லியிருந்தாள். ஆகவே பக்கத்து அடுக்குமாடி புளோக்கிலிருந்து அத்தான் வருவார், சுவராக.

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழகிய கை, பத்திரிகை ஆடாது. எழுத்தை மறைக்காமல் கட்டைவிரல்களை மட்டும் முன்பக்கம் வைத்து நீட்டிப் பிடித்த தாளுக்குப் பின்னால் முகம் முழுக்க மறைந்திருக்க, அவர் மறுபக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பார்.

"என்ன மாப்ள, பாஸா ஃபெயிலா?"

"வலது ஓரம் கொஞ்சம் மங்கல், அத்தான்."

"எனக்கும் அப்படித்தான் லா. அதுக்காக உங்கக்கா என்னைத் திருப்பியா குடுத்துட்டா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, தலைக்கு மை பூசி வந்து நின்றார். "பேப்பர் போதும் மாப்ள. இன்னிக்கு என்னை ஒன்னு எடேன்."

எடுத்திருக்கலாம். கேமரா முக்காலியில்தான் நின்றது. விரலை அழுத்தியிருந்தால் போதும். "இது முகத்துக்கு ஏத்த லென்ஸ் இல்ல அத்தான். எண்பத்தஞ்சு எம்.எம். லென்ஸ் ஒன்னு பாத்து வச்சிருக்கேன், அது வரட்டும்" என்றேன். ஒரு மருத்துவரைப் போலச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் பத்திரிகையை எடுத்து விரித்தார். பிறகு தாளுக்குப் பின்னாலிருந்து, "சரி, சட்டைய கசங்காம வச்சிருக்கேன்" என்றார்.

எண்பத்தைந்து வந்தது. இடது ஓரம் சரியில்லை; திருப்பிக் கொடுத்தேன். அடுத்த எண்பத்தைந்து கைக்கு வந்த வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, மீன் வாங்கச் சந்தைக்குப் போன அத்தான் அங்கேயே விழுந்தார். எழுந்திருக்கவில்லை.

அக்கா வீட்டு புளோக்கின் கீழ்த்தளத்தில், துக்கத்துக்கு வருபவர்களுக்காக நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா மகள் என்னிடம் வந்தாள். "மாமா, அப்பா போட்டோ ஒன்னு குடுங்க. அஞ்சு மணிக்குள்ள பேப்பருக்கு அனுப்பணும். உங்ககிட்ட நல்லதா இருக்கும்ல?" சுற்றி இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். என்னிடம் இல்லாமல் யாரிடம் இருக்கும்?

என் வீட்டுக்குப் போய்த் தேடினேன். ஞாயிறு ஞாயிறாக மரண அறிவிப்புகள். யார் யாருடைய அப்பாக்களோ அம்மாக்களோ மூக்குத்தி தெரியுமளவு, மீசை முடி எண்ணுமளவு கூர்மையாக இருந்தார்கள். அவரைக் காணவில்லை. ஒருமுறை அவர் தும்மிப் பத்திரிகை தாழ்ந்தபோது முகம் விழுந்தது நினைவுக்கு வந்தது. படம் அசைந்துவிட்டதென்று அன்றே அழித்துவிட்டதும் கூடவே நினைவுக்கு வந்தது. நான்கரை மணிக்குத் திரும்பி வந்து, வெறுங்கையை என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலி அடுக்கத் தொடங்கினேன். அக்கா மகள் என் கையைப் பார்த்துக்கொண்டாள். தேக்கா கடையொன்றில் தேநீர்க் கிளாசோடு அவர் சிரிப்பதைத் தன் கைப்பேசியில் எடுத்திருந்தாள். பாதிக் கண் மூடியிருந்தது, நடுவும் மங்கல், ஓரமும் மங்கல். அதுதான் அச்சில் வந்தது. பார்த்தவர்கள் எல்லோரும், "அப்படியே இருக்காரு" என்றார்கள்.

இரண்டாவது எண்பத்தைந்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கெடு தாண்டிவிட்டது. ஓரம்வரை கூர்மையாம், கடைக்காரர் சத்தியம் செய்தார். நான் இன்னும் சோதிக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து அக்கா வந்தாள். "அத்தனை வாரம் வந்து நின்னாரேடா. ஒன்னுகூடவா இல்ல?"

வேறு வழியில்லாமல் இந்தப் படத்தைத் திறந்தேன். ஓரத்தைப் பெரிதாக்கினேன். திரை முழுக்க இடது ஓரத்துக் கட்டைவிரல். தோல் சுருக்கங்கள், பழைய வெட்டுத் தழும்பு, நகத்தின் விளிம்பு. அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு மிக அருகில் குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"நகத்தை வெட்டுங்க, நகத்தை வெட்டுங்கன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன்" என்றாள். "பாரு, வெட்டவே இல்ல."