எஞ்சினுக்கு வைத்த சந்தனப் பொட்டு

இதை எழுதலாமா, விடலாமா என்று பல வருடங்களாக இழுத்தடித்துவிட்டேன். எழுத உட்காருவேன், பிறகு கதிரையைத் தள்ளிவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் போகப்போக உங்களுக்கே தெரியும்.

போன மாதம் மகள் புதுக் கார் வாங்கினாள், மின்சாரத்தில் ஓடுவது. கோயிலுக்குக் கொண்டுபோனோம். நாலு ரயருக்கும் கீழே தேசிக்காய் வைத்தாயிற்று. ஐயர் சந்தனக் கிண்ணத்தோடு வந்து பொனற்றைத் திறக்கச் சொன்னார். திறந்தால் உள்ளே எஞ்சின் இல்லை. சாமான் வைக்கிற ஒரு குழி, அதற்குள் மகளின் பற்மின்ரன் மட்டை.

"எங்கை வைக்கிறது?" என்று ஐயர் என்னைக் கேட்டார்.

"எனிவேர் இஸ் ஃபைன், ஐயா" என்றாள் மகள்.

அவர் யோசித்து, குழியின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தனம் மணத்தவுடன் கூடவே மண்ணெண்ணெயும் மணத்தது போல இருந்தது. அங்கே மண்ணெண்ணெய் ஏது? அது வேறொரு எஞ்சினின் வாசனை.

ஆஸ்திரேலியாவுக்கு வந்த புதிதில் நான் சிட்னியில், பிளாக்டவுனுக்குப் பின்னால் ஒரு யாட்டில் வேலை செய்தேன். பழைய கார்களை உடைத்துப் பாகம் பாகமாக விற்கிற இடம். முதலாளி ஜோ, மோல்ட்டாக்காரர். காசுப் பெட்டிக்குள் ஒரு புனிதரின் படம் வைத்திருப்பார். அதனாலோ என்னவோ, என் நெற்றித் திருநீற்றைப் பற்றி அவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. என் சாப்பாட்டைப் பற்றித்தான் வாய் திறப்பார், பாதியைத் தின்பதற்கு.

ஒரு புரட்டாதியில் குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து ஒரு எஞ்சின் வந்தது. எட்டு சிலிண்டர், அந்தக் காலத்து ஆஸ்திரேலிய இளைஞர்கள் றோட்டைக் கிழித்துக்கொண்டு ஓடிய கார்களில் இருந்தது. உடைமைக்காரி ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி. மொறின் என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் வேண்டாம். கணவர் இறந்துவிட்டார். காரின் உடம்பு கறல் பிடித்துப் போய்விட்டது. எஞ்சினை மட்டும் அவர் போர்வை போட்டு மூடிக் காப்பாற்றியிருந்தார். அதை விற்றுத் தந்தால் பெர்த்தில் மகளிடம் போய்விடுவேன் என்றா.

அதற்கு ஜோ விலை பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பொம்பிளை பார்க்கப் போனவர்கள்கூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டார்கள். முதலில் எஞ்சின் நம்பரை உரசிப் படித்து, கூடவே வந்த காரின் தகட்டோடு ஒப்பிட்டார். சரி. பிறகு நீளக் கம்பி போட்டுக் கையால் சுற்றினார். சுற்றியது. அதன்பிறகு டோர்ச்சோடு மண்டியிட்டு, கறுத்துப்போன நீலப் பெயின்ற்றையும், பக்கவாட்டில் மஞ்சள் சோக்கால் போட்டிருந்த ஒரு சரியடையாளத்தையும் வெகுநேரம் பார்த்தார். ஃபாக்டரியில் சோதித்தவன் போட்ட கோடு, ஒருவரும் கை வைக்காத பெயின்ற் என்று சொல்லிக் கொப்பியில் பதினாறாயிரம் டொலர் என்று எழுதினார். எனக்கு ஊத்தையாகத் தெரிந்தது அவருக்குக் காசாகத் தெரிந்தது. அந்த வித்தியாசத்தை அவர் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த நாள் அவர் ஏதோ அலுவலாக மெல்பேர்ன் போனார். "மேட், இதை வடிவாய்ப் பார்த்துக்கொள்" என்பதுதான் அவர் சொல்லிவிட்டுப் போனது. வடிவாய்த்தான் பார்த்துக்கொண்டேன்.

ஏனென்றால் அன்று ஆயுத பூசை. யாட்டில் ஸ்பானர், ஜாக்கி எல்லாம் அடுக்கி, வாழைப்பழம், கடலை, அவல் வைத்து விளக்கேற்றப் போகிறேன். உதவிக்கு மனைவியும் வந்திருந்தா. நடுவில் எஞ்சினை வைத்தால் நல்லாயிருக்கும் என்று சங்கிலி போட்டு இழுத்து வந்தேன். அவ அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தா.

"இஞ்சேருங்கோ, இந்த ஊத்தையோடையே பொட்டு வைக்கப் போறியள்?"

நியாயமான கேள்விதானே. சாமிக்கு முன்னால் அழுக்காக எதை வைக்கலாம்? ஒரு வாளி மண்ணெண்ணெய், கம்பித் தூரிகை. மத்தியானம் வரைக்கும் தேய்த்தேன். மஞ்சள் கோடு போனது, பழைய பெயின்ற் செதில் செதிலாகப் போனது. அலுமாரியில் கிடந்த நீல ஸ்பிறேயை அடித்தேன். புதுமாப்பிள்ளை போல மின்னியது. மூன்று குறி திருநீறு, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். தேவாரம் பாடும்போது எனக்குக் கண் கலங்கியது, எவ்வளவு அழகு என்று.

திங்கட்கிழமை ஜோ வந்து பார்த்தார். கத்துவார் என்று நினைத்தீர்களா? இல்லை. ஒரு பழைய ரயரின்மேல் மெதுவாக உட்கார்ந்தார். கொப்பியை எடுத்தார், மூடினார். பிறகுதான் நான் கழுவிய ஊத்தைதான் காசு என்று விளங்கப்படுத்தினார். அந்த மனுசியின் பெர்த்தை நான் மண்ணெண்ணெயில் கரைத்துவிட்டேன்.

ஜோவும் சும்மா இருக்கவில்லை. பழைய ஒயிலையும் தூசியையும் குழைத்துப் பூசி, எஞ்சினுக்கு வயது ஏற்றினார். வெள்ளிக்கிழமை வாங்க வந்தவர், கடவுளே என்று, ஒரு தமிழர். மெல்பேர்ன் பக்கம் பொயிண்ட் குக்கில் கம்ப்யூட்டர் வேலை, தமிழ்நாட்டுப் பிள்ளை, பெயர் சரவணன். பழைய கார்ப் பைத்தியம். ஜோ என்னைப் பின்னால் நிற்கச் சொல்லி, வாயைத் திறக்காதே என்று கண்ணால் காட்டினார்.

சரவணன் குனிந்து பார்த்தார், தடவினார், மோந்தார். பிறகு நேரே என்னிடம் திரும்பினார்.

"அண்ணே, என்ன இது, இன்ஜின்ல சந்தன வாசனை வருது? நம்ம ஊர்ல பூஜை போட்ட வண்டி மாதிரி. நீங்களே சொல்லுங்க, இது ஒரிஜினல் பெயிண்ட்டா?"

ஜோவுக்குத் தமிழ் தெரியாது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் மொறினுக்குப் பதினாறாயிரம். சொல்லாவிட்டால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பொட்டை வைத்த கையோடு எப்படிப் பொய் சொல்வது?

"இல்லைத் தம்பி. நான்தான் கழுவினனான். பெயின்ற்றும் நான்தான் அடிச்சனான்."

பெயின்ற் என்ற சொல் மட்டும் ஜோவுக்கு விளங்கியது. அது போதும். பதினோராயிரத்துக்கு எஞ்சின் ட்ரெய்லரில் ஏறியது.

அன்று பின்னேரமே மனைவி உழுந்து வடை சுட, இரண்டு பேரும் மொறின் வீட்டுக்குப் போனோம். என் உடைந்த ஆங்கிலத்தில் மண்ணெண்ணெய், கம்பித் தூரிகை, பொட்டு எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மொறின் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினா. சிரித்து முடித்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னா:

"அந்த மஞ்சள் கோடு ஃபாக்டரியில் போட்டது இல்லை. என் புருசன் போட்டது. நான்தான் டோர்ச் பிடித்தேன்."

பெயின்ற்றும் அவர் அடித்து, தேத்தண்ணிச் சாயமும் ஒயிலும் பூசிக் கறுப்பாக்கினாராம். கார்க் கிளப்பில் எல்லாரும் வாய் பிளக்க வேண்டும் என்ற ஆசை, விற்கிற எண்ணமே இல்லை. ஜோ பதினாறாயிரம் என்று சொன்ன நாளிலிருந்து மொறின் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. வாங்கினால் பாவம், சொன்னால் இறந்த மனுசனின் பெயர் போய்விடும். இப்போது கிடைத்ததுதான் அதன் உண்மையான விலை, பெர்த்துக்கு இது போதும் என்றா. ஒன்றே ஒன்று கேட்டா: தான் உயிரோடு இருக்கும்வரை இதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது, ஜோவுக்கும். வடையைச் சாட்சியாக வைத்து நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினோம்.

தலையாட்டியது லேசு. அதற்குப் பிறகு ஒவ்வொரு நவராத்திரிக்கும் ஜோ நல்ல எஞ்சின்களையெல்லாம் தார்ப்பாயால் மூடி, மேலே 'கடவுளுக்கு அனுமதி இல்லை' என்று எழுதித் தொங்கவிடுவார். எனக்கென்று ஒரு உடைந்த கியர்ப் பெட்டியை ஒதுக்கி வைத்தார். "இதுக்குப் பூசை பண்ணு மேட், இதுக்கு விலை இல்லை." வருகிறவனுக்கெல்லாம், ஐயாயிரம் டொலரைச் சோப்புப் போட்டுக் கழுவியவன் என்று என்னைக் காட்டுவார். ஒரு வசனம் சொன்னால் நான் தப்பிவிடுவேன். எத்தனையோ முறை நுனி நாக்கு வரை வந்து, வடை ஞாபகத்தில் திரும்பிப் போனது.

கோயிலில் இந்தக் கதை வேறு விதமாக வளர்ந்திருக்கிறது. நான் பொட்டு வைத்ததும் எஞ்சின் விலை இரட்டித்ததாம். சும்மா கிடந்த எஞ்சின் தானாக ஓடியதாகவும் ஒரு அன்ரி சொன்னா.

மொறின் இந்த வருடம் காலமானதாக அவவின் மகள் எழுதியிருந்தா. இனி ஜோவிடம் சொல்லலாம். ஆனால் ஜோ அதற்கு இரண்டு வருடம் முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டார். யாட் இருந்த இடத்தில் வரிசையாக மாடி வீடுகள். போன கிழமை அந்த வழியால் போனேன், எண்ணெய் வாசனைகூட மிஞ்சவில்லை. கியர்ப் பெட்டி மட்டும் என் கராஜில் இருக்கிறது. யாட்டை மூடிய கடைசி நாளில் ஜோவே தூக்கி என் காரில் வைத்தார்.

நீங்கள் யாருக்காவது இதைச் சொல்வதென்றால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். விலை ஏறவில்லை, இறங்கியது. எஞ்சின் தானாக ஓடவில்லை, ட்ரெய்லரில் போனது. அது அவன் செயலா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. ஊத்தையோடு வைக்கக்கூடாது என்று நான் கழுவினேன். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.