முகம் மட்டும் வரவில்லை

திருமங்கலத்தில் நான் வேலை பார்க்கும் சிறிய ஆஸ்பத்திரியில், காலை நோயாளிகளைப் பார்த்து முடித்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் கண்மூடி உட்காருவேன். அன்று வந்தவர்களை ஒவ்வொருவராக மனத்தில் வரவழைத்து வேண்டிக்கொள்வேன். இங்கே ஒரு பிரசவத்தில் தாயைக் காப்பாற்ற முடியாமல் போன வாரத்தில், எங்கள் மூத்த நர்ஸும் நானும் தொடங்கிய பழக்கம். அவர் அதை ஜெபம் என்பார். நான் பெயர் எதுவும் வைக்கவில்லை.

போன சித்திரையில் ஒரு நாள் எல்லோரும் வரிசையாக வந்தார்கள், ஒருவரைத் தவிர. கப்பலூர் தொழிற்பேட்டைக் கம்பெனிச் சட்டை தெரிந்தது. நகக்கண்ணில் கிரீஸ் தெரிந்தது. காலருக்கு மேலே ஒன்றுமே இல்லை. அவர் குரல் மட்டும் காதில் விழுந்தது: "தாடை வரைக்கும் இழுக்குதும்மா."

தாடைக்கு ஏறும் வலி இதயத்திலிருந்தும் வரலாம். எழுந்து அவருடைய சீட்டைத் தேடினேன். நெஞ்செரிச்சல் என்று என் கையெழுத்தில் இருந்தது. மாத்திரை எழுதி வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். ஈசிஜி எடுக்கச் சொல்லவே இல்லை.

போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார்.

"மாத்திரையப் போட்டுட்டு அசந்து தூங்குறாக டாக்டரம்மா. சாயந்தரமாக் கூட்டிட்டு வாரேன்."

"இல்லம்மா, இப்பவே எழுப்புங்க."

போனைக் கீழே வைக்கும் சத்தம். குக்கர் விசில். "ஏங்க... ஏங்க..." மூன்றாவது முறை அந்தக் குரல் மாறியிருந்தது.

"முழிக்க மாட்டேங்குறாகம்மா! உடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது!"

ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். ஈசிஜி பார்த்ததும் எங்களுக்குப் புரிந்துவிட்டது, மாரடைப்பு. முதலுதவி செய்து, மதுரைக்குக் கிளம்பிய ஆம்புலன்சில் நானும் ஏறினேன். வழி நெடுக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் பூத்திருந்தது. புருவத்தில் ஒரு பழைய தழும்பு.

பிழைத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து இருவரும் வந்தார்கள்.

"சாமியே வந்து சொன்ன மாதிரி போன் பண்ணுனீகம்மா" என்று மனைவி கும்பிட்டார்.

அந்தக் கும்பிடை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. "அன்னிக்குக் காலைல நான் இவரை நிமிந்துகூடப் பாக்கலம்மா. தப்பு என்னோடது" என்றேன்.

மனைவி கணவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"தெரியும்மா. நீங்க போன்ல பேசிக்கிட்டே எழுதுனீக. இன்னொருக்காச் சொல்லுவோமான்னு நெனச்சேன். வெளிய அம்புட்டுப் பேரு நின்னாக. அதான் எந்திரிச்சுப் போயிட்டேன்."