வில்லரேயில் ஒரு செக் இசையமைப்பாளரும் என் வயிற்றெரிச்சலும்

டொரொன்டோவில் தமிழ் நாடகங்களுக்கு இசையமைப்பவன் நான். உருக்கமான இடத்தில் என் இசை தொடங்கியதும் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, நாடகத்துக்குக் காசு கொடுத்த அனுசரணையாளர்களின் பெயர்களை வாசிப்பார். எங்கள் மேடை வழக்கம் அது. அடுத்த நாடகத்திலாவது என் இசையை யாராவது கேட்கவேண்டும் என்று புழுங்கிக்கொண்டிருந்தபோதுதான், மறைந்த செக் திரைப்பட, நாடக இசையமைப்பாளர் ஒருவரைப் பற்றி மொன்ட்ரியாலில் கண்காட்சி நடப்பதாக அறிந்தேன். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

540 கிலோமீட்டர், ஆறரை மணி நேரம், போகவர 110 டொலர். இறங்கும்போது நல்ல மழை. டாக்சி ஓட்டியவர் யாழ்ப்பாணத்துத் தம்பி.

"செக் நாட்டுக்காரரோ? அவற்ர பாட்டு இஞ்ச ஆருக்கு அண்ணை தெரியும்?"

"என்ர பாட்டே எங்கட ஆக்களுக்குத் தெரியாது, தம்பி."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்காட்சி நடந்த வில்லரே பகுதிக்கு 24 டொலர்.

சிறிய மண்டபம், சுவர் முழுக்க அந்த இசையமைப்பாளரின் வாழ்க்கை. மாணவப் பருவத்தில் பொம்மலாட்டத்துக்குப் பியானோ வாசித்தவர். பிறகு ஆயுள் முழுக்க ஒரே நாடக அரங்கு, இடையிடையே சினிமா. ஒத்திகையில் ஓரமாக உட்கார்ந்து நடிகர்களின் நடையைப் பார்த்த பிறகுதான் எழுதத் தொடங்குவாராம். என்னை ஒத்திகைக்கு யாரும் அழைப்பதே இல்லை. "சோகமா ரெண்டு நிமிசம் தாங்கோ" என்று போன் மட்டும் வரும். செத்துப்போன மனிதர்மேல் பொறாமைப்படுவது அழகல்ல, தெரியும். ஆனாலும் பட்டேன்.

அவர் இசையமைத்த படத்திலிருந்து ஒரு காட்சி காட்டினார்கள். சிறையிலிருந்து திரும்பிய மகனுக்குத் தாய் சூப் கொடுக்கிறாள். கரண்டிச் சத்தம் மட்டும்தான்.

"இதற்கு எழுதிய இசையை அவரே எடுத்துவிட்டார். இயக்குநரும் சரி என்றுவிட்டார்" என்றார், சுற்றிக்காட்டிய செக் அம்மையார்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. எழுதிய இசையை வேண்டாமென்று சொல்ல மனிதருக்கு உரிமை இருந்திருக்கிறது!

வெளியே வந்ததும் எங்கள் இயக்குநருக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, கடைசிக் காட்சியில தகப்பன் செத்த செய்தி வரேக்க இசையே வேண்டாம். சபை ஒரு நிமிசம் அமைதியா இருக்கட்டும்."

அவர் உடனே சம்மதித்தார்.

"ஓம், நல்ல யோசினை. அந்த நேரம் நகைக்கடைக்காரற்ர பேரை வாசிச்சு விடலாம்."

போகிறவர்களுக்கு: நுழைவு இலவசம், மாத இறுதிவரை உண்டு. டாக்சிக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆரஞ்சு மெட்ரோவில் ஜாரி நிலையத்தில் இறங்கி நடக்கலாம். பார்த்த சூட்டோடு யாருக்கும் போன் எடுக்காதீர்கள்.

திரும்பும் பஸ்ஸில் அந்தக் கடைசிக் காட்சிக்கு இசை எழுதி முடித்தேன். முழுக்கப் பறை. மைக்கில் யார் வாசித்தாலும் ஒரு பெயர்கூடக் கேட்காது. அந்த செக் நாட்டுக்காரருக்கு இப்படி எழுதவேண்டி வந்திருக்காது.